முதல் கரண்டி

சோளக்காட்டு மேட்டுக்கடையில் எனக்குப் பிறகு சாம்பார் வைக்க வந்திருக்கும் சுகுணா போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துக்கறேனே? வச்சப்புறம் உப்பு பத்தலைன்னா, சாமிக்கே உப்பில்லாததக் குடுத்த மாதிரி ஆயிப்போகுதே" என்றாள்.

கூடாது, முதலில் வை, பிறகு பார் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எனக்குப் போனில் பேச வராது. நேரில் அதைவிட வராது. எட்டாம் வகுப்பு வரை படித்திருப்பதால் எழுத வரும். அதனால் எழுதுகிறேன். சுகுணாவுக்காக எழுதுவது, மற்றவர்கள் படித்தாலும் சரி.

கடையின் போர்டில் வேறு பெயர் இருக்கிறது. மேட்டின் மேல் இருப்பதால் மலையில் எல்லோருக்கும் அது மேட்டுக்கடை. கீழே காரவள்ளியில் இருந்து எழுபது வளைவு ஏறி வரும் பஸ் சோளக்காட்டில் நிற்கும்போது பாதிப் பேருக்குத் தலை சுற்றிக்கொண்டிருக்கும். சிலர் வயிற்றில் இருந்ததை ஜன்னல் வழியாக வழியெல்லாம் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு மேடேறி வந்து, நான்கு இட்லியைச் சாம்பாரில் ஊறவிட்டுச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். மலைக்கு மாற்றலாகி வரும் வாத்தியார்கள், வன இலாகாக்காரர்கள், நர்சுகள் எல்லோருக்கும் முதல் நாள் சாப்பாடு அங்கேதான். ஊர் திரும்பிய பிறகு கொல்லிமலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அருவியைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சாம்பாரைச் சொல்வார்களாம். அப்படிப் பெயர் வாங்கிய கடை.

நான் கொல்லிமலையிலேயே ஆலத்தூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊரில் இருந்து காய் அரியும் வேலைக்கு அங்கே வந்தேன். சின்ன வெங்காயம் உரித்தே ஒரு வருடம் போயிற்று. பிறகு மாவு, பிறகு பருப்பு. ஆறாவது வருடத்தில் அப்போதிருந்த மாஸ்டர், தங்கச்சி கல்யாணம் என்று ஊருக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. முதலாளி சமையல்கட்டுக்கு வந்து நின்றார்.

"பழனியம்மா, அவன் செய்யறத நீ பாத்துக்கிட்டுத்தான இருந்தே?"

"ஆமாங்க."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளில் இருந்தே கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் வேலையை விடும்வரை இருபத்திரண்டு வருடம் அது என் கையில் இருந்தது.

சாம்பார் வைக்கும் விதத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. துவரம்பருப்பு குழைய வேண்டும், கரைந்துவிடக் கூடாது. அரசாணிக்காயை, அதாவது பறங்கிக்காயை, தோலோடு பெரிய துண்டாகப் போட வேண்டும். மல்லியை அன்றன்றைக்கு வறுத்து அரைக்க வேண்டும். மிளகாய் குறைவுதான். காரத்துக்கு மலை மிளகு. அதை ஒன்றிரண்டாகத் தட்டி, இறக்குவதற்குச் சற்று முன்னால் தூவ வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் கசக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். கசந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் ரொம்ப வருடம் நான் அதைச் சாப்பிட்டதே இல்லை.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மேட்டுக்கடையின் வழக்கம் அப்படி. அண்டாவில் இருந்து எடுக்கும் முதல் கரண்டி சாமிக்கு. அதற்கு முன்னால் யார் நாக்கும் படக் கூடாது. காலையில் சாம்பார் கொதித்ததும் நான் ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு இட்லி வைத்து, ஒரு கரண்டி ஊற்றி, சமையல்கட்டு வாசலில் நிற்பேன். முதலாளி குளித்துவிட்டு, தோளில் ஈரத்துண்டோடு வருவார். இலையை இரண்டு கையாலும் வாங்கி, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் வைப்பார். ஊதுபத்தி ஏற்றுவார். அது பாதி எரியும்வரை கை கட்டி நிற்பார். வெளியில் பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். பிறகு அந்தச் சாம்பாரைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சுவார். முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பார். மூன்றில் ஒன்றைச் சொல்வார். "உப்பு" என்றால் போட வேண்டும். "ஒரு கொதி" என்றால் அடுப்பைத் தூண்ட வேண்டும். "போகலாம்" என்றால் சாம்பார் பந்திக்குப் போகலாம். அந்தச் சொல் வராமல் ஒரு வாளிகூட வெளியே போனதில்லை.

திட்டியதே கிடையாது. ஒருமுறை நான் பருப்பை அடிப்பிடிக்க விட்டபோதுகூட, "இன்னைக்கு நம்ம கடையில சாம்பார் லீவு" என்று வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வந்து, "பாத்திரத்தத் தேய்க்க நானும் வாரேன் கண்ணு" என்றார்.

எங்கள் சாப்பாடு தனி. காலையில் ராகிக் களி, மதியம் சாமைச் சோறும் கீரைக் கடைசலும். முதலாளி பெரிய பணக்காரர் அல்ல, கீழ்நாட்டில் இருந்து மலையேறி வந்து பிழைத்தவர். அவரும் எங்களோடு தரையில் உட்கார்ந்து அதையேதான் சாப்பிடுவார். கடைச் சாப்பாடு வருகிறவர்களுக்கு என்பது அவர் எண்ணம். ஆகவே மலையிலேயே பேர் பெற்ற சாம்பாரை நான் கண்ணாலும் மூக்காலும் மட்டும் வைத்தேன். நுரை அடங்குவதைப் பார்ப்பேன். கரண்டியில் இருந்து விழும் கனத்தைப் பார்ப்பேன். நாக்கு அவருடையது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. நல்லதா கெட்டதா என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

பிறகு அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. பஸ் நின்றது, கடை அடைத்துக் கிடந்தது. முதலாளிக்கும் காய்ச்சல் கண்டு நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். கடை மறுபடி திறந்த நாள் காலையில் இலையை வாங்கிச் சாமிக்கு வைத்தார். உறிஞ்சினார். கூரையைப் பார்த்தார்.

"உப்பு."

போட்டேன்.

"இன்னும் கொஞ்சம்."

போட்டேன். மூன்றாவது தடவை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ம். போகலாம்" என்றார்.

அன்றில் இருந்து தினமும் இதேதான். என் கைக்குக் கணக்குத் தெரியும். கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போடும் அண்டாவுக்கு மூன்றரை கை போய்க்கொண்டிருந்தது. கை சொன்னதை நான் கேட்கவில்லை. அத்தனை வருடம் தப்பாத நாக்கு சொல்லும்போது என் கைக்கு என்ன மரியாதை?

பந்தியில் பரிமாறுகிறவர் செங்கோடன் அண்ணன். ஒரு நாள் வாளியோடு உள்ளே வந்து, "என்னமோக்கா, சாம்பார் அப்படியே கெடக்குது. டூரிஸ்ட்டுக நாக்கு செத்துப்போச்சு. பாக்கெட் மசாலாவத் தின்னு தின்னு, நல்லது எறங்க மாட்டீங்குது" என்றார்.

நானும் நம்பினேன். தேங்காய்ச் சட்னி மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. சட்னி அவ்வப்போது அரைப்பது, அதைச் சாமிக்கு வைப்பதில்லை. எல்லோரும் சட்னியைக் கேட்டுக் கேட்டு வாங்குகிறார்களே, என் கைக்குச் சட்னி நன்றாக வந்திருக்கிறது போலும் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

அப்போதுதான் ரோஸ்லின் நர்சம்மா வந்தார்.

நாகர்கோவில்காரர். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு வருடம் இருந்தார். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கையில் ஏந்தியவர் அவர்தான். மலையில் அவரிடம் திட்டு வாங்காத பொம்பளை கிடையாது. மாத்திரை சாப்பிடாவிட்டால் திட்டுவார், மூன்றாவது பிள்ளை என்றால் வீட்டுக்காரனைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுவார். மனதில் இருப்பது அப்படியே வாயில் வரும். மாற்றலாகிப் போய், ஓய்வும் பெற்ற பிறகு மலையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்திருந்தார். இறங்கியதும் நேரே கடைக்குள் நுழைந்து, சமையல்கட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி பழனியம்மா! இன்னும் வெங்காயம்தான் உரிக்கியா?"

எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது. பதில் சொல்வதற்குள் அவர் முதலாளியிடம் திரும்பிவிட்டார். "முதலாளி, இவ இன்னைக்கு எங்கூட உக்காந்து திங்கணும். ஒரு நாளைக்கு லீவு குடுங்க. பேறுகாலம் பாத்த எனக்கு இது கூட கிடையாதா?"

"அதுக்கென்னங்க, தாராளமா" என்ற முதலாளி, அவரே இரண்டு இலை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்து எனக்கு முன்னால் ஒன்றைப் போட்டார். முதலாளி கையால் இலை போட்டு உட்காருவது எனக்கு முள்மேல் உட்காருவதுபோல் இருந்தது. செங்கோடன் அண்ணன் வாளியோடு வந்து, "அம்மாவுக்கு என்ன வேணுமுங்க?" என்று என்னைக் கேலி செய்துவிட்டு ஊற்றினார்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் சாம்பாரை நான் வாயில் வைத்தேன்.

உப்பு. வேறு ஒன்றும் தெரியவில்லை. மிளகு, மல்லி, அரசாணிக்காயின் இனிப்பு எல்லாம் எங்கோ அடியில் கிடந்தன. விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

நர்சம்மா இட்லியை ஓரமாக ஒதுக்கினார். குனிந்து என் காதருகே, பெற்ற பிள்ளையை மக்களே என்று கூப்பிடும் அவர் ஊர்ப் பேச்சில், "இதென்னதாக்கும் மக்களே? இந்தச் சாம்பாருக்காகத்தான் எழுவது வளைவும் வாந்தி எடுத்துட்டு வந்தேன். கடலத் தூக்கி அண்டாவுல ஊத்துனானா? யாரு இப்பம் சமையலு?" என்றார்.

"நாந்தானுங்க."

அவர் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். அவருடைய வாய் மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குள் முதலாளி எங்கள் இலைக்கு வந்துவிட்டார். முகம் நிறைய எதிர்பார்ப்பு.

"எப்படிங்க இருக்குது? அதே ருசிதானுங்களே?"

நர்சம்மா என்னை ஒருதரம் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். "அதே ருசிதான் முதலாளி. ஒண்ணும் மாறல" என்றார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, தண்ணீர் குடித்துக் குடித்து, இலையைக் காலி செய்தார்.

ஆள் பார்க்காமல் உண்மை பேசுகிறவர் பொய் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவரே சொல்லவில்லை என்றால் மற்றவர்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? வாத்தியார்கள், கண்டக்டர்கள், எல்லோரும் இப்படித்தான் முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, சட்னியை வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தெரியாதவர்கள் நானும் செங்கோடன் அண்ணனும் முதலாளியும்தான்.

உப்பு பார்ப்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நர்சம்மா, பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குக் கை தப்பாது. அந்த மனுசனுக்கு நாக்கு போயிட்டு. காய்ச்சல்ல நெறைய பேருக்குப் போச்சு, சிலருக்குத் திரும்பல. சொல்லிரு மக்களே."

சொல்லிரு என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதரிடம் நான் அதுவரை சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசியதில்லை. அவர் வீடு, வாசல், மனைவி போன பிறகு தனியாக இருக்கும் இருப்பு எல்லாம் அந்த ஒரு உறிஞ்சலில்தான் நின்றுகொண்டிருந்தது. அதை நான் எந்த வாயால் இல்லை என்று சொல்வேன்?

சொல்லவில்லை. ஏமாற்றினேன். மறுநாள் அவர் "உப்பு" என்றதும் உள்ளே போய், வெறும் கையை அண்டாவுக்கு மேல் உதறி, கிளறிவிட்டு, இன்னொரு கரண்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடியும் வெறும் கை. மூன்றாவது தடவை, "இப்ப சரி. போகலாம்" என்றார்.

அன்றைக்குச் செங்கோடன் அண்ணன் ஓடிவந்தார். "அக்கா, என்ன போட்டீங்க? இலைய வழிச்சு நக்கிட்டுப் போறானுங்க!"

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. சாம்பார் வாளி காலியாக வந்தது. முதலாளி முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் அவர் கை கட்டி நிற்கும்போது நான் பின்னால் திருடிபோல் நின்றேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. மலை கொள்ளாத கூட்டம் ஏறும் நாள். முந்தின நாள் மதியம் களி சாப்பிடும்போது முதலாளி சொன்னார்: "நாளைக்குப் பெரிய அண்டா வைக்கோணும். உப்புப் போடறதுக்கு நீ குனிஞ்சு குனிஞ்சு நிமிர வேண்டாம் கண்ணு. பக்கத்துலயே நிக்கறேன், நானே போட்டுக்கறேன்."

என் முழங்காலைப் பார்த்து, அன்பில் சொன்னதுதான். அவர் கையால் போட்டால் என் வெறும் கை உதவாது. அந்தக் கூட்டம் முழுவதும் அந்த உப்பைச் சாப்பிட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் மேட்டுக்கடையைப் பற்றிப் பேசும்.

மறுநாள் விடிந்ததும், பெரிய அண்டாவை ஏற்றுவதற்கு முன்னால், முதல் பஸ்ஸுக்காகத் தினமும் வைக்கும் சின்ன அண்டாவை வைத்தேன். கொதித்தது. மிளகைத் தூவினேன். இரண்டு கை உப்பு போட்டேன். பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன். ஒரு கரண்டி எடுத்து, ஊதி, குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. இதையா நான் வைத்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

முதலாளி ஈரத்துண்டோடு வந்து இரண்டு கையையும் நீட்டினார். நான் இலையைக் கொடுக்கவில்லை.

"முதலாளி, இத சாமிக்கு வைக்காதீங்க. நான் ருசி பாத்துப்போட்டனுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. "ஏன் கண்ணு?"

"உப்பு சரியா இருக்குதுங்க. நீங்க பத்தலைன்னு சொல்லுவீங்க. அதுக்குத்தானுங்க பாத்தேன்."

உங்கள் நாக்கு போய்விட்டது என்று சொல்ல எனக்கு வரவில்லை. இவ்வளவுதான் வந்தது. அவர் கையை மெதுவாக இறக்கி, துண்டால் துடைத்துக்கொண்டார். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

"எத்தன நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறமிருந்துங்க."

"இப்பக் கொஞ்ச நாளா இலையெல்லாம் காலியா போகுதே?"

"நீங்க போடச் சொன்ன உப்ப நான் போடறதில்லீங்க."

அவர் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். "காப்பிகூட எனக்குச் சுடுதண்ணியாத்தான் இருக்குது பழனியம்மா. சரியாப் போயிரும், சரியாப் போயிரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அவர் என் பெயரை அப்படித் தணிந்து சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு எழுந்தார். "அண்டாவ எறக்கு. எச்சில் பட்டதச் சாமிக்கு வைக்க முடியாது. சாமிக்கு வைக்காதத வர்றவங்களுக்குப் போட முடியாது. இத நாம சாப்பிட்டுக்கலாம். வேற வையி."

நாக்கு போன செய்தியைவிட, வழக்கம் தப்பியதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கையில் மிச்சம் இருந்த ஒன்றையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பெரிய அண்டாவுக்கு வேகவைத்திருந்த பருப்பில் இருந்து மறுபடி ஆரம்பித்தேன். முதல் பஸ் வந்துவிட்டது. முதலாளி வாசலில் போய், "சாம்பாருக்குக் கொஞ்சம் நேரமாகுமுங்க, உக்காருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். செங்கோடன் அண்ணன் ஒரு டம்ளரில் அந்த எச்சில் சாம்பாரை மொண்டு குடித்துவிட்டு, "அடேங்கப்பா, இதையா இத்தன வருசமா நாம திங்காம வித்துக்கிட்டிருந்தோம்?" என்று இன்னொரு டம்ளர் மொண்டார்.

இரண்டாவது அண்டா கொதித்தது. இந்த முறை இலையைக் கொடுத்தேன். முதலாளி வாங்கி, படத்துக்கு முன்னால் வைத்து, ஊதுபத்தி ஏற்றினார். கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பத்தி பாதி எரியும்வரை கை கட்டி நின்றார். இலையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார். உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளவில்லை.

"கைய நீட்டு" என்றார்.

நீட்டினேன். என் உள்ளங்கையில் ஊற்றினார். "சாமி சாப்பிட்டாச்சு. இப்ப நீ சொல்லு."

உறிஞ்சினேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நானும் கூரையைப் பார்த்தேன். பயத்தில் கை உப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறது. நான் வைத்ததற்கு நானே குறை சொல்ல வேண்டியதாயிற்று. சாமிக்கு அன்று போனதும் உப்புக் குறைச்சல்தான், சுகுணா.

"உப்பு பத்தலீங்க."

முதலாளி உப்புப் பானைக்குள் கைவிட்டு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து அண்டாவுக்கு மேல் நீட்டினார். "எவ்வளவு?" என்று கேட்டார். பாதி என்று என் கையை மடித்துக் காட்டினேன். மிச்சத்தைப் பானையிலேயே போட்டுவிட்டு, பாதியை அண்டாவில் தூவினார். நான் கிளறினேன். அவர் இன்னொரு கரண்டி மொண்டு என் கையில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்.

"போகலாமுங்க" என்றேன்.

வாசலில் வாளியோடு நின்ற செங்கோடன் அண்ணன் நகரவில்லை. "என்னக்கா, ஒண்ணுமே கேக்கல! ஒரு பஸ்ஸு ஆளு பசியோட உக்காந்திருக்குது!"

முதலாளி என் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொல் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"போகலாம்!" என்றேன். வெளியில் மூன்றாவது மேசைவரை கேட்டதாம்.